முகமும் பெயரும் அகமும்: உருவோவியத்தில் ஆளின் இயல்பு புலப்படுமாறு

ஒருவரை நோக்கி எழுதும் ஓவியத்தை உருவோவியம் என்று வழங்குகிறோம். எழுதப்பெற்றவரை அது ஒத்திருத்தல் வேண்டும் என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆயின், ஒத்திருத்தல் என்பது யாது என வினவின் விடை எளிதன்று. கண், மூக்கு, நெற்றி முதலிய உறுப்புகள் யாவும் அளவு பிறழாது அமைந்திருந்தும், இவர் அவரல்லர் என்று உற்றார் மறுக்கும் படங்கள் உள. நாலைந்து கோடுகளே உடையனவாயினும், இவர் அவரே என்று கண்டவுடன் கூறச் செய்யும் படங்களும் உள. எனவே, உறுப்பொப்புமைக்கு அப்பாற்பட்ட ஒன்று உருவோவியத்தில் வேண்டப்படுகின்றது. அதனை ஆளின் இயல்பு எனலாம்.

அவ்வியல்பு ஓவியத்தில் எவ்வாறு புலப்படுகின்றது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். மேலைநாட்டுக் கலைநூல்கள் இதனை விரித்துப் பேசும். தமிழ் இலக்கண இலக்கியங்களும் இப்பொருளை ஆராய்தற்குரிய கருவிகள் சிலவற்றை நமக்குத் தந்துள்ளன. மெய்ப்பாடு, குறிப்பு, அகம் புறம் என்னும் பகுப்பு ஆகிய மூன்றும் அத்தகையன. இவற்றைக் கொண்டு தமிழகத்து உருவங்கள் சிலவற்றை ஈண்டு நோக்குவோம். பழவேற்காட்டு ஏரியை அடுத்த மீனவர் குப்பங்களை, சிறப்பாக லைட்ஹவுஸ் குப்பத்தை, அந்நோக்கிற்கு உரைகல்லாகக் கொள்வோம். எழுதப்பெறாதார் இருக்கும் இடத்தில் நின்று நோக்கும்போதுதான் எழுதப்பெற்றார் உருவங்களின் தன்மை நன்கு விளங்கும்.

1. சொல்லும் கருத்தும்

தமிழில் ஓவியம் தீட்டுதலும் எழுத்து வரைதலும் ‘எழுதுதல்’ என்னும் ஒரு சொல்லாலேயே குறிக்கப்பெற்றன. ஏட்டில் எழுதுவோனும் சுவரில் எழுதுவோனும் ஒரு தொழிலின் இரு கூறுகளைச் செய்வோராகவே கருதப்பட்டனர் போலும். எழுத்து ஒலியைக் கட்புலனாக்குகின்றது; ஓவியம் உருவைக் கட்புலனாக்குகின்றது. கண்முன் இல்லாததைக் கண்முன் நிறுத்துதல் இரண்டிற்கும் பொது.

மதுரைக்காஞ்சி ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்று குறிக்கின்றது. காண்போர் கண்ணினுள் தம் தொழிலை நிலைபெறச் செய்வோர் என்னும் பொருள்பட நச்சினார்க்கினியர் இதற்கு விளக்கம் தருவர். ஓவியம் சுவரில் முடிவதில்லை. பார்ப்பவர் கண்ணிலேயே முடிவடைகின்றது என்னும் கருத்து இதனுள் அடங்கியுள்ளது. உருவோவியத்திற்கு இக்கருத்து மிகவும் இன்றியமையாதது. ஒருவரது முகத்தைப் பார்த்தவுடன் ‘அவரே’ என்று தெளிதல் பார்ப்போர் உள்ளத்தில் நிகழும் ஒரு செயலாதலின், ஓவியன் அச்செயலைத் தூண்டும் அளவிற்கு எழுதி நிறுத்துதல் வேண்டும். எல்லாவற்றையும் எழுதிவிட்டால் பார்ப்போர்க்குச் செய்வதற்கு ஒன்றும் இராது.

‘புனையா ஓவியம்’ என்னும் தொடரும் இங்கு நினைவுகூரத் தக்கது. வண்ணம் தீட்டப்பெறாது கோட்டளவில் நிற்கும் ஓவியத்தை அது குறிக்கும். நெடுநல்வாடையில், தலைவன் பாசறையில் இருப்ப, அணிகலன்களைக் களைந்து பிரிவுத்துயரில் கிடக்கும் அரசமாதேவிக்கு இவ்வோவியம் உவமையாயிற்று. உவமையின் நுட்பத்தைக் கருதுக. அணியும் வண்ணமும் நீங்கியபோது குறைவு தோன்றவேண்டும் என்பது பொதுவிதி. இங்கோ, அவை நீங்கியதனாலேயே தேவியின் உள்ளம் வெளிப்படுகின்றது. புறப்புனைவு குறையக் குறைய அகம் மிகுதியாகப் புலப்படலாம் என்பதைப் பழம்புலவர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது போதிய சான்றாகும்.

2. கண்ணாடியும் பளிங்கும்

வடமொழி ஓவிய நூல்களும் இப்பொருளைத் தொட்டுச் செல்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம், கண்ணாடியில் தோன்றும் நிழல்போல ஒப்புமையுடன் எழுதப்படுவதை ‘வித்தம்’ என்று தனியே வகைப்படுத்துகின்றது. விஷ்ணுதர்மோத்தரத்தின் பகுதியாகிய சித்திரசூத்திரமோ இன்னும் ஒருபடி மேற்சென்று, உறங்குவோனை உயிருடையவனாகவும் இறந்தோனை உயிரற்றவனாகவும் வேறுபடுத்தி எழுத வல்லவனே ஓவியம் அறிந்தவன் என்னும் கருத்தைக் கூறுகின்றது. உறங்குவோனும் இறந்தோனும் கிடக்கும் நிலையால் ஒத்தவர், கண்மூடியவர். அளவுகோலுக்கு அகப்படாத வேறுபாட்டை ஓவியன் காட்டவேண்டும் என்பதே இதன் கருத்து.

திருவள்ளுவர் முகத்திற்குக் கூறிய உவமை பளிங்கு. அருகிலுள்ள பொருளின் நிறத்தைப் பளிங்கு தன்னிடத்தே காட்டுவதுபோல, உள்ளத்தில் மிக்கதை முகம் காட்டும் என்பது குறிப்பறிதல் அதிகாரத்துக் கருத்து. கண்ணாடிக்கும் பளிங்கிற்கும் உள்ள வேறுபாடு கருதத் தக்கது. கண்ணாடி தன் முன் நிற்பதன் வடிவைக் காட்டும். பளிங்கோ தன்னை அடுத்ததன் நிறத்தைத் தான் ஏற்று நிற்கும். முன்னது உறுப்பொப்புமைக்கும் பின்னது உள்ளத்து வெளிப்பாட்டிற்கும் பொருந்தும். உருவோவியத்திற்கு இரண்டும் வேண்டும்.

ஆயினும், முகம் எப்பொழுதும் உண்மையே கூறும் என்று வள்ளுவர் கொள்ளவில்லை. கூடாநட்பு என்னும் அதிகாரத்தில், முகத்தில் இனிமை காட்டி அகத்தில் வஞ்சம் கொண்டவரை அஞ்சுமாறு எச்சரிக்கின்றார். தொழும் கையும் அழும் கண்ணும்கூடப் பகையை மறைக்கலாம் என்கின்றார். ஒருபால் முகத்தை நம்புக என்றும், மறுபால் நம்பற்க என்றும் கூறுவது முரணன்றோ எனின், அன்று. ஒரு கணத்து முகம் பொய்க்கலாம். பல காலம் பழகிக் கண்ட முகம் பொய்ப்பது அரிது. இவ்வேறுபாடே உருவோவியத்திற்கும் ஒரு நொடியில் எடுக்கப்படும் நிழற்படத்திற்கும் உள்ள வேறுபாட்டின் அடிப்படை. ஓவியன் முன் அமர்ந்தவர் முதலில் தாம் காட்ட விரும்பும் முகத்தையே காட்டுவர். நேரம் செல்லச் செல்ல, தோள் தளரும். வாயின் இறுக்கம் நெகிழும். கைகள் தமக்குப் பழகிய இடத்தைத் தேடிச் சேரும். அப்பொழுதே ஓவியனின் தொழில் தொடங்குகின்றது. பல நாழிகைகளிற் கண்ட பல முகங்களை ஒரு முகத்தில் அடக்குதலே அவன் செய்யும் அருஞ்செயலாகும்.

3. மெய்ப்பாட்டியல் தரும் ஒளி

உள்ளத்து நிகழ்ச்சி உடலின்வழிப் பிறர்க்குப் புலனாவதை மெய்ப்பாடு என்பர். தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களன்களை வகுத்துள்ளார். இவ்வாறு முப்பத்திரண்டு வாயில்கள் ஆகின்றன. இப்பகுப்பு செய்யுளுக்கு மட்டும் உரியதென்று கருதற்க. உருவோவியன் ஒருவனுக்கு இது கைவிளக்காகும்.

பெருமிதத்தை எடுத்துக்கொள்வோம். கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கின்வழி அது பிறக்கும். நான்கும் பெருமிதமே எனினும், நான்கும் ஒரே முகத்தைத் தோற்றுவிப்பனவல்ல. கல்வியால் வந்த பெருமிதம் கண்ணில் அடங்கி நிற்கும். அஞ்சாமையால் வந்தது கழுத்திலும் மார்பிலும் நிமிர்ந்து தோன்றும். புகழால் வந்தது பிறர் நோக்கை எதிர்பார்த்து நிற்கும். கொடையால் வந்தது கையின் நெகிழ்ச்சியில் காணப்படும். தலையை நிமிர்த்தி எழுதிவிட்டால் பெருமிதம் தோன்றும் என்று கருதும் ஓவியன் எல்லாரையும் ஒரே வகையினராக்கிவிடுவான். ஒருவரது பெருமிதம் எதன்வழி வந்தது என்று அறிந்த ஓவியனே அவரை அவராக எழுதுவான்.

அழுகையும் அவ்வாறே. இகழப்படுதலாலும், இழத்தலாலும், தளர்ச்சியாலும், வறுமையாலும் அது தோன்றும். துயருற்ற முகம் என்று பொதுவாகக் கூறுகிறோம். பொருளிழந்தவரின் துயரையும் இகழப்பட்டவரின் துயரையும் ஒரே வகையாய் எழுதுவோன் இரண்டையும் அறியாதவன்.

மெய்ப்பாடுகளை உணர்தல் எல்லார்க்கும் எளிதன்று; கண்ணாலும் செவியாலும் திண்ணிதின் உணரும் அறிவுடையார்க்கே அவை விளங்கும் என்று அவ்வியலின் இறுதியில் ஆசிரியர் கூறுவர். கண்ணோடு செவியையும் உடன்கூறியது பெரிதும் சிந்தித்தற்குரியது. எதிரே அமர்ந்தவரைப் பார்த்தல் மட்டும் போதாது. அவர் பேசக் கேட்டலும் வேண்டும். பேசும்போது முகத்தில் ஓடும் மாற்றங்களே வாய் மூடியபின் அம்முகத்தில் தங்கும் வரைகளுக்குக் காரணமாகும்.

4. பெயருடைமையும் பெயரின்மையும்

அகத்திணையில் தலைமக்கள் பெயர் சுட்டிக் கூறப்பெறார் என்பது தொல்காப்பியர் விதித்த நெறி. புறத்திணையிலோ பெயர் கூறப்படும். நெய்தல் நிலத்துப் பாடல்களை நோக்குக. ஐங்குறுநூற்று நெய்தற்பகுதியை அம்மூவனார் பாடினார். அப்பாடல்களில் வரும் பரதவர் மகளின் உள்ளத்தை நாம் நுணுக்கமாக அறிகிறோம். அவள் பெயரை அறியோம். மாறாக, நடுகல்லில் பொறிக்கப்பெற்ற வீரனின் பெயரை அறிகிறோம். அவன் எதிர்கொண்ட போரை அறிகிறோம். அவன் உள்ளம் எத்தகையது என்பதை அறியோம். கல்லில் உள்ள உருவமும் பெரும்பாலும் எல்லா வீரர்க்கும் பொதுவாய், வில்லோ வாளோ ஏந்திய கோலத்தில் அமைந்ததே. பெயரே அக்கல்லை ஒருவனுக்குரிய கல்லாக்குகின்றது.

அகம் பெயரில்லா உள்ளத்தைத் தந்தது. புறம் உள்ளம் புலப்படாப் பெயரைத் தந்தது. உருவோவியம் இவ்விரண்டையும் ஒருங்கே வேண்டி நிற்கும் கலை. பெயர் சுட்டப்பட்ட ஒருவரது அகத்தை முகத்தின்வழிக் காட்டுதல் அதன் தொழில். இதனால், இலக்கணத்தார் பிரித்துவைத்த இரண்டு துறைகள் சந்திக்கும் இடத்தில் உருவோவியம் நிற்கின்றது எனலாம்.

படத்தின் முன் நிற்போர் முதலில் கேட்பது ‘இவர் யார்?’ என்பதே. பரிபாடல் காட்டும் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தில், வந்தோர் இரதி, காமன், அகலிகை, கௌதமன் முதலியோர் உருவங்களைச் சுட்டி வினவ, உடன் வந்தோர் விடை கூறுகின்றனர். பெயர் அறிந்தபின்னரே உருவம் கதையாகின்றது.

எனினும், பெயரில்லாமலே உருவம் பேசுவதும் உண்டு. சீவகசிந்தாமணியில், மதயானையினின்று தான் காத்த குணமாலையைச் சீவகன் ஓவியமாக எழுதி நோக்கியிருக்கின்றான். அதனைக் கண்ட காந்தருவதத்தை ஊடல் கொள்கின்றாள். அவ்வூடலுக்குக் காரணம் படத்திலிருந்த பெண்ணின் அழகு மட்டுமன்று. எழுதியவன் உள்ளமும் அதில் எழுதப்பட்டிருந்தது. எந்த உருவோவியத்திலும் அமர்ந்தவரின் அகத்தோடு எழுதியவரின் அகமும் கலந்தே நிற்கும். அமர்ந்தவரின் இயல்பு எனப் பேசும்போது இவ்வுண்மையை நாம் மறத்தலாகாது.

5. கல்லிலும் சுவரிலும்

தமிழகத்துப் பழைய உருவங்கள் பலவற்றில் இம்மூன்று கூறுகளும், அதாவது பெயர், முகம், அகம் ஆகியன, ஒருங்கே கிடைப்பது அரிது. மாமல்லபுரத்து ஆதிவராகக் குகைக்கோயிலில் இரண்டு பல்லவ மன்னர் தம் தேவியரோடு காணப்படுகின்றனர். ஒருவர் அமர்ந்தும் மற்றவர் நின்றும் உள்ளனர். மேலே சிம்மவிஷ்ணு என்றும் மகேந்திரன் என்றும் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பெயர்கள் எந்தச் சிம்மவிஷ்ணுவையும் எந்த மகேந்திரனையும் குறிக்கும் என்பதில் அறிஞர் வேறுபடுவர். முகத்தைக் கொண்டு அவ்வழக்கைத் தீர்க்க இயலவில்லை. முகங்கள் அரசத் தன்மையைக் காட்டுகின்றன. ஓர் அரசனை மற்றோர் அரசனினின்று பிரித்துக் காட்டவில்லை.

கும்பகோணத்து நாகேசுவரர் கோயிலின் நிலை இதற்கு மறுதலை. முற்காலச் சோழர் காலத்தைச் சார்ந்த அக்கோயிலின் கருவறைப் புறச்சுவரில் ஆடவரும் மகளிருமாகச் சில உருவங்கள் நிற்கின்றன. நிற்கும் நெளிவிலும் இதழின் குறுநகையிலும் ஒவ்வொருவரும் தனித்தன்மை உடையவராய்த் தோன்றுவதால், அவர்கள் அக்காலத்தில் வாழ்ந்த அரச குடும்பத்தினரோ கொடையாளரோ ஆகலாம் என்று கலையறிஞர் பலர் கருதுவர். அவர்கள் பெயர் மட்டும் பொறிக்கப்படவில்லை. முகம் உண்டு, அகமும் ஓரளவு உண்டு, பெயர் இல்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் இரு நிலையும் உள. கோயில் அலுவலராகிய ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்தவேளான், முதலாம் இராசராசனுக்கும் உலகமாதேவிக்கும் செப்புத்திருமேனிகள் எழுந்தருளுவித்த செய்தியைக் கல்வெட்டு கூறுகின்றது. திருமேனிகளின் அளவும் அதிற் குறிக்கப்பட்டுள்ளது. முகம் எத்தகையது என்பதைக் கல்வெட்டு கூறாது. கூறுதல் அதன் வேலையுமன்று. கருவறையைச் சூழ்ந்த உள்சுற்றில், நாயக்கர் காலத்து ஓவியத்தின் கீழ் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றுள் தாடியுடைய முதியவர் ஒருவரையும் அவர் அருகில் நிற்கும் இளையவரையும் கருவூர்த்தேவர், இராசராசன் எனப் பலர் கூறுவர், உடன்படாதாரும் உளர். அம்முகங்களில் அமைந்த அடக்கமும் கூர்மையும், அவர்கள் யாவராயினும், கண்டார் கண்ணைவிட்டு நீங்குவதில்லை. பெயர் ஐயத்திற்குரியதாயினும் அகம் ஐயமின்றிப் புலப்படும் அரிய எடுத்துக்காட்டு இது.

மதுரைப் புதுமண்டபத்தில் 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரும் அவர் முன்னோரும் தூண்களில் உருவங்களாய் நிற்கின்றனர். திருமலை நாயக்கரின் பருத்த வயிற்றைச் சிற்பி மறைக்கவில்லை. இலட்சிய அரசனுடலினின்று விலகி, இன்னாரது உடல் என்று காட்டத் துணிந்த முயற்சியை அங்குக் காண்கிறோம்.

6. பழவேற்காடு: முகமற்ற பெயரும் பெயரற்ற முகமும்

மேற்கூறியன யாவும் அரசரும் கொடையாளரும் பற்றியன. பழவேற்காட்டுக் கரைக்கு வந்தால் வினா வேறு வடிவம் பெறுகின்றது. 1610 முதல் ஒல்லாந்தர் அங்கு நிலைபெற்று, 1613இல் கெல்திரியாக் கோட்டையை அமைத்தனர். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடம் அதுவே. அதே காலத்தில் அவர்கள் தாய்நாட்டில் உருவோவியக் கலை உச்சநிலையில் இருந்தது. பிரான்சு ஆல்சு 1666ஆம் ஆண்டிலும் ரெம்பிராண்ட் 1669ஆம் ஆண்டிலும் மறைந்தனர். வணிகரும் ஊர்க்காவலரும் கிழவியரும் அவர்கள் கையால் தனிமனிதராய் எழுதப்பெற்றனர். ரெம்பிராண்ட் முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து இருபதுக்கு மேற்பட்ட கோட்டோவியங்களும் வரைந்துள்ளார். கீழைநாட்டு மன்னர் முகங்கள் கடல் கடந்து சென்றன. கடலில் நின்ற கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கையும் ஆளையும் கொண்டு சேர்த்த படகோட்டிகளின் முகங்கள் செல்லவில்லை.

பழவேற்காட்டில் எஞ்சியுள்ள ஒல்லாந்தர் கல்லறைகள் இன்று தொல்பொருள் துறையின் காப்பில் உள. கற்பலகைகளில் பெயர்களும் நாள்களும் குடிச்சின்னங்களும் நேர்த்தியாகச் செதுக்கப்பட்டுள்ளன. முகம் இல்லை. வாயிலில் இருப்பன எலும்புக்கூட்டு உருவங்கள். இறப்பு எல்லா முகத்தையும் ஒன்றாக்கிவிடும் என்னும் அக்காலத்து ஐரோப்பியக் கருத்தை அவை உணர்த்துகின்றன. உருவோவியத்திற்கு நேர் எதிரான கலை இது. ஒருவரை மற்றவரினின்று வேறுபடுத்தும் தசையும் தோலும் நீங்கியபின் எஞ்சுவது எவர்க்கும் பொது. பெயரைப் பொறித்தோர் முகத்தைத் துறந்தனர்.

அடுத்த இரு நூற்றாண்டுகளில் இதற்கு மாறான ஒன்று நிகழ்ந்தது. தஞ்சையிலும் திருச்சிராப்பள்ளியிலும் ஓவியர் பலர் ஆங்கிலேயர் பொருட்டுக் குலத்தையும் தொழிலையும் காட்டும் படத்தொகுதிகளை எழுதினர். திருச்சிராப்பள்ளியில் அப்பிரகத் தகட்டின்மீதும் எழுதினர். ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, கையில் கருவியோடு நிற்பர். வலையோடு நிற்பவன் மீனவன். கூடையோடு நிற்பவள் அவன் மனைவி. அவர்கட்கு முகம் உண்டு, பெயர் இல்லை. கம்பெனி ஓவியம் எனப்படும் இவ்வகையில் ஓவியத் திறன் குறைவென்று கூற இயலாது. ஆயின், ஓவியனிடம் கேட்கப்பட்டது ஆள் அன்று, வகை. 1909ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கார் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் நிழற்படங்களும் உடலளவுகளும் இடம்பெற்றன. பட்டணவரும் செம்படவரும் அதில் பேசப்படுகின்றனர். மூக்கின் அளவைக் குறித்துக்கொண்டவர்கள் அம்மூக்குடையவரின் பெயரைக் குறிக்கவில்லை. உறுப்பளவு எவ்வளவு துல்லியமாயினும் ஆளைத் தாராது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

லைட்ஹவுஸ் குப்பத்தின் பெயரையே நோக்குக. 1859இல் பழவேற்காட்டில் அமைந்த கலங்கரை விளக்கத்தால் வந்தது அப்பெயர். கடலில் செல்லும் கப்பலோட்டியின் கண்ணுக்குப் புலப்பட்டது விளக்கு. அதன் அடியில் வாழ்ந்தோர் அவ்விளக்கின் பெயராலேயே அறியப்படலாயினர். ஊர்ப்பெயரும் புறத்தார் நோக்கிலிருந்தே பிறந்தது என்பது நம் ஆராய்ச்சிக்குப் பொருத்தமுடையது.

அக்கரையில் வாழ்வோர் ஒரு வகையினர் அல்லர். கடலில் தொழில் செய்வோர் உளர். ஆழம் மிகக் குறைந்த ஏரியில் வலை கட்டுவோர் உளர். ஏரியில் ‘பாடு’ என்னும் முறைப்படி மீன்பிடி இடங்கள் குடும்பத்தார்க்கு முறைவைத்து வழங்கப்படுகின்றன. பனையோலைப் பறியைக் கொண்டு சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்டிரும் உளர். அலையை எதிர்த்து நிற்பவரின் தோளும், முழங்கால் நீரில் நெடுநேரம் காத்து நிற்பவரின் தோளும், குனிந்து சேற்றைத் தடவுபவரின் தோளும் ஒன்றாகா. பாட்டு முறை வரும் நாளை எண்ணியிருப்பவரின் பொறுமை வேறு; கடலில் மீன் நிறத்தைக் கண்டு நொடியில் முடிவெடுப்பவரின் விரைவு வேறு. இவற்றை அறியாத ஓவியன் அனைவரையும் வலையேந்திய ஒரே மீனவராக எழுதிவிடுவான். தொழிலை அறிதல் ஆளை அறிதலின் முதற்படி. அதனோடு நின்றுவிட்டால் மீண்டும் வகையே மிஞ்சும். ஒரே தொழில் செய்யும் உடன்பிறந்தார் இருவரையும் வேறுவேறாகக் காட்டும்போதே உருவோவியம் பிறக்கின்றது.

7. பிற்கால முயற்சிகள் சில

1850ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை ஓவியப் பள்ளிக்கு 1929ஆம் ஆண்டில் தலைமையேற்ற தேவி பிரசாத் ராய் சவுத்ரி, பெயரில்லா உழைப்பாளரைக் கலையின் நடுவில் நிறுத்தினார். 1959இல் மெரினாக் கடற்கரையில் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலையில் நால்வர் ஒரு பாறையைப் பெயர்க்க முயல்கின்றனர். அவர்கள் பெயர் மேடையில் இல்லை; எனினும் அவர்கள் தர்ஸ்டன் நூலின் வகைமாந்தர் அல்லர். முயற்சி என்னும் அகநிலை ஒவ்வோர் உடலிலும் வெவ்வேறாய்ப் புலப்படுகின்றது. அவர் மாணவராகிய எஸ். தனபால், திரு.வி.க., பெரியார் முதலியோரின் தலைச்சிற்பங்களை ஆக்கினார். பெயர் அறிந்த பெருமக்களின் சிந்தனைத் திறத்தை நெற்றியிலும் இமையிலும் தேடிய முயற்சிகள் அவை.

நேரில் காணப்படாதவரை எழுதுதல் தனி வகையான இடர் உடையது. பாரதியார் 1921இல் மறைந்தார். அவரது நிழற்படங்களாக எஞ்சியவை மிகச் சில. ரா. அ. பத்மநாபன் 1957இல் வெளியிட்ட சித்திர பாரதி என்னும் நூல் அவற்றைத் தொகுத்து அளித்தது. சில படங்களில் பாரதியார் தாடியுடன் காணப்படுகின்றார். மக்கள் உள்ளத்தில் நிலைத்த உருவமோ, ஆர்யா எனப்படும் கே. பாஷ்யம் முதலியோர் எழுதிய, தலைப்பாகையும் முறுக்கிய மீசையும் ஒளிவிடும் கண்ணும் உடையது. நிழற்படத்திற் காணும் மெலிந்த மேனியும் வறுமையின் சாயலும் அதில் பின்னடைந்துவிட்டன. மெய்ப்பாட்டியல் வழி நின்று கூறின், வறுமைவழி வந்த அழுகை நீங்கி, அஞ்சாமைவழி வந்த பெருமிதம் மட்டும் நிறுத்தப்பட்டது. அவர் பாடல்களை நோக்க இஃது ஏற்புடையதே. ஆயினும், ஒரு மனிதரின் இரண்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றைத் தெரிந்துகொண்டோம் என்பதை ஆராய்ச்சியாளர் மறத்தலாகாது.

வள்ளுவர்க்கோ நிழற்படமும் இல்லை; அவரைக் கண்டார் குறிப்பும் இல்லை. வேணுகோபால் சர்மா எழுதிய உருவம், ஏடும் எழுத்தாணியும் ஏந்தி அமர்ந்த முதியவராக வள்ளுவரைக் காட்டுகின்றது. 1960களில் அரசின் ஏற்பைப் பெற்று அது நாடெங்கும் பரவிற்று. குறட்கருத்துகளினின்றே அவ்வுருவத்தை வகுத்ததாக ஓவியர் விளக்கினார். ஒருவரது அகத்தை முகத்தினின்று அறிதல் உருவோவியத்தின் பொதுநெறியாக, இங்கு அகத்தினின்று முகம் ஆக்கப்பட்டது. நூலே அமர்ந்தவரின் இடத்தைப் பெற்றது. இதனை உருவோவியம் என்பதினும் உருவாக்கிய உரை என்பது பொருந்தும். ஓர் உரையாசிரியர் குறளுக்குப் பொருள் காண்பதுபோல, ஓவியர் குறளாசிரியர்க்கு முகம் கண்டார். உரையை மூலமாகக் கொள்ளும்போதே பூசல் பிறக்கின்றது. 2019ஆம் ஆண்டில் அவ்வுருவின் ஆடை நிறம் பற்றி எழுந்த வழக்கு, எழுதப்பட்ட படத்தை வாழ்ந்தவரின் சான்றாகக் கொண்டதனால் நேர்ந்த விளைவே எனலாம்.

8. தொகுப்புரை

இதுகாறும் கூறியவற்றால், உருவோவியத்தை ஆராய்வார் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும் என்பது புலனாகும். பெயர் உண்டோ? முகம் அவர்க்கே உரியதோ? அகம் எந்த மெய்ப்பாட்டின்வழி, எந்த நிலைக்களனிற் பிறந்து வெளிப்படுகின்றது? மாமல்லபுரம் முதல்வினாவிற்கு மட்டும் விடை தருகின்றது. கும்பகோணம் பின்னிரண்டிற்கு விடை தருகின்றது. பழவேற்காட்டுக் கல்லறை பெயரையும், கம்பெனி ஓவியம் முகத்தையும் தந்து நின்றன. வள்ளுவர் உருவம் பெயரும் அகமும் கொண்டு, முகத்தைக் கருத்தினால் ஆக்கிக்கொண்டது.

மூன்றும் ஒருங்கே பெறாதவர் பலர். அவர்களுள் நெய்தல் நில மக்கள் சிறப்பாகக் கருதத் தக்கவர். ஈராயிரம் ஆண்டுகட்கு முன் அவர்கள் உள்ளம் பாடப்பட்டது, பெயர் கூறப்படவில்லை. அகத்திணையில் பெயர் கூறாமை ஒரு கலைநெறி. அது தலைவிக்குப் பெருமை சேர்த்தது. குலப்படங்களிலும் அளவுப் பட்டியல்களிலும் பெயர் கூறாமை புறக்கணிப்பு. இரண்டையும் ஒன்றாகக் கருதுதல் பிழை.

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒருவரை அமர்த்தி ஓர் ஓவியர் எழுதப் புகின், அவர் செய்யவேண்டுவன இவை. அமர்ந்தவரின் பெயரைப் படத்தின் கீழ் அவர் விரும்பும் வண்ணம் எழுதுதல் வேண்டும். வலையையும் துடுப்பையும் கையிற் கொடுத்து நிறுத்துமுன், அவை இன்றியும் அவர் யாவர் என்பதைக் காணுதல் வேண்டும். அவர் பேசக் கேட்டல் வேண்டும். எழுதி முடித்தபின் முதற்கண் அவரையும் அவர்தம் வீட்டாரையும் அழைத்துக் காட்டுதல் வேண்டும். ‘கண்ணுள் வினைஞர்’ என்னும் பழஞ்சொல்லுக்கு ஏற்ப, அவர்கள் கண்ணே அவ்வோவியம் நிலைபெறவேண்டிய இடமாகும். ஆராய்ச்சி மாணவர் மெய்ப்பாட்டியலையும் அதன் உரைகளையும் ஓவியத்தோடு ஒப்பிட்டுப் பயின்றால், செய்யுளுக்கு வகுத்த இலக்கணம் முகத்தைப் படிக்கவும் உதவும் என்பதைத் தாமே உணர்வர்.